அச்சந்தாங்கி

பயத்தை அழிக்க முடியாது, ஓர் உள்ளத்திலிருந்து இறக்கி இன்னோர் உள்ளத்தில் ஏற்றத்தான் முடியும் என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதைக் கேட்டதும் உலகம் செய்த முதல் காரியம், ஏற்றிவிடத் தோதான ஏழைகளைத் தேடியதுதான். போர்முனைக்குப் போன தளபதியின் பயத்தை அவருடைய சமையற்காரர் சுமந்தார். தேர்தலில் நின்ற செல்வரின் பயத்தை அவருடைய ஓட்டுநர் சுமந்தார். சுமந்த நாள் முதலாய்க் காரை மாட்டுவண்டி வேகத்துக்கு மேல் ஓட்ட மாட்டேன் என்று கைகூப்பினார். உழைப்பை வாங்கினீர்கள், உறக்கத்தை வாங்கினீர்கள், இப்போது எங்கள் நெஞ்சின் அமைதியையும் வாங்குகிறீர்களா என்று நாடெங்கும் கூட்டங்கள் முழங்கின.

முழக்கத்தின் பயனாய் ஒரு சட்டம் பிறந்தது. சாதனை முயற்சிக்குப் போகும் பிள்ளையின் பயத்தைக் கூலியாள் தாங்கக் கூடாது, பெற்றவரே தாங்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். தன் பிள்ளையின் பயத்தைத் தன் வயிற்றில் ஒரு முறை உணர்ந்துவிட்டால், எந்தத் தகப்பன் பிள்ளையைக் கோபுரத்தில் ஏற்றுவான் என்று சட்டம் இயற்றியவர்கள் நம்பினார்கள். பாவம், அவர்கள் சுயம்புலிங்கத்தைச் சந்தித்ததில்லை.

சுயம்பு ஆலடிப்பொத்தையில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர். வாடகைக்குக் கருவி வாங்கினால் பேச்சு இலவசம். காதுகுத்தானாலும் கோயில் கொடை விழாவானாலும், ஒலிவாங்கியைச் சோதிக்கிறேன் என்று கையில் எடுப்பவர், சோறு ஆறும்வரை சோதிப்பார். அவருக்குப் பிடித்த பொருள் ஒன்றே ஒன்று: பிள்ளைகளின் சாதனை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாதனை செய்த பிள்ளையைப் பெற்றவர்களுக்கு, எந்த விசேஷத்திலும் முன்வரிசையில் சிவப்புப் பட்டுத் துணி போர்த்திய நாற்காலி. கண்ணைக் கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டியபடி உலகத் தலைநகரங்களை ஒப்பித்த சிறுமியின் தந்தை அதில் அமர்ந்தார். பானைக்குள் ஒற்றைக் காலில் நின்ற சிறுவனின் தாய் அமர்ந்தார். ஒலிபெருக்கிக்காரர் மட்டும் எல்லா மேடையிலும் பேசிவிட்டு, ஓரத்தில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். ஒலிக்கு உரியவரே ஒளி இல்லாமல் நிற்பதா? ஆகவே தன் ஒன்பது வயது மகள் அல்லியை ஒற்றைக் காத்தாடியில் ஏற்றுவதென்று முடிவு செய்தார்.

ஒற்றைக் காத்தாடி என்பது கணவாய்க் காற்றை நம்பி எந்தக் காலத்திலோ நட்டு, இறக்கைகள் கழன்று, மின்சாரமும் நின்று, கோபுரம் மட்டும் மிஞ்சிப்போன ஒரு காற்றாலை. வெளிப்பக்கமாய் இரும்புப் படிகள் உண்டு. நடுநடுவே நின்று இளைப்பாற இரும்புத் திட்டுகள் உண்டு. இடுப்புக் கயிற்றின் கொக்கியைப் படிக்குப் படி தானே மாட்டி, தானே கழற்றி ஏற வேண்டும். பக்கத்து ஊரான வெள்ளாங்கரையைச் சேர்ந்த பத்து வயதுப் பையன் ஒருவன் அதன் உச்சியைத் தொட்டிருந்தான். அல்லி தொட்டால், உலகத்திலேயே இளையவள்.

குறித்த நாளில் கோபுரத்தடியில் ஊரே கூடியது. சுயம்பு தன்னிடமிருந்த அத்தனை ஒலிபெருக்கிகளையும் கட்டியிருந்தார். அல்லி பேசவும் கேட்கவும் காதில் மாட்டியிருந்த கருவியையும் அவற்றோடு இணைத்துவிட்டார். மகள் மேலே மூச்சு விட்டால் கீழே ஊர் கேட்க வேண்டும். பின்னால் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்காய் ஒரு பதாகை. அதில் அல்லியின் முகம் ஒரு மூலையில், உள்ளங்கை அகலத்தில் இருந்தது. மிச்ச இடத்தை எல்லாம், ஆள்காட்டி விரலை நீட்டியபடி சுயம்பு நிறைத்திருந்தார். ‘அச்சந்தாங்கி: அருமைத் தந்தை சுயம்புலிங்கம்’ என்று எழுத்துகள் மின்னின.

அவருடைய மனைவி வடிவு அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “ஏங்க, ஏறப்போறது பிள்ளையா, நீங்களா?”

“ஏறுதது பெருசில்ல வடிவு. பயத்தத் தாங்குதது யாரு? நானு.”

“அதத்தான் நான் தாங்குதேன்னு சொன்னேன்லா. பத்து மாசம் தாங்குனவளுக்கு இது ஒரு பாரமா?”

“பிளக்ஸு அடிச்சாச்சு. இனிமே பேர மாத்துனா ஊரு சிரிக்கும்.”

“இப்ப மட்டும் அழுதாக்கும்” என்று வடிவு முந்தானையைச் செருகிக்கொண்டு, மகளுக்குத் தலை பின்னப் போய்விட்டாள்.

அச்சமாற்றிக் கருவியோடு நாகர்கோவிலிலிருந்து வந்திருந்தவர் மருத்துவர் பிரிசில்லா. சிறுத்த உருவம், சிரிக்காமல் வேடிக்கை பேசும் வாய். இரண்டு நெற்றிப் பட்டைகளை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று பிள்ளைக்கு, மற்றது பெற்றவருக்கு.

“அண்ணாச்சி, ஒரு விசயம் கேட்டுக்கிடுங்க. இந்தப் பட்ட எல்லாப் பயத்தையும் எடுக்காது. மாட்டுத நேரத்துல எந்தப் பயம் மனசுல மேல மிதக்குதோ, அத மட்டுந்தான் எடுக்கும். ஆரம்பத்துல ஆட்டுக்கு மாத்திப் பாத்தாவ. ஒரு பெரிய மலையேறி மனுசன். மாட்டும்போது அவுரு மாமியா வந்து வாசல்ல நின்னுருக்கா. அவ்வளவுதான், மாமியா பயம் பூராவும் ஆட்டுக்குப் போயிட்டு. அந்த ஆடு அதுக்கப்புறம் கண்ணாடி போட்ட பொம்பள யாரு வந்தாலும் கயித்த அத்துட்டு ஓடுச்சாம்.”

கூட்டம் சிரித்தது. சுயம்பு சிரிக்கவில்லை, தன் மேடையில் இன்னொருவர் சிரிப்பு வாங்குவது அவருக்கு ஒவ்வாது.

“அதனால பிள்ள இப்ப அந்தக் கோபுரத்த மட்டும் பாத்துட்டு நிக்கணும். வேற ஒண்ணையும் பாக்கக் கூடாது. உசரப் பயம் மேல வரும், நான் பொத்தான அமுக்குவேன்.”

அல்லி கோபுரத்தைப் பார்த்து நின்றாள். மருத்துவர் பட்டையை அவள் நெற்றியில் கட்டினார். மற்றதைச் சுயம்புவின் நெற்றியில் கட்டினார். அந்த நேரத்தில்தான் அந்த மனிதருக்கு ஒரு கடமை நினைவுக்கு வந்தது. படையை அனுப்பும் முன் ஒரு பேச்சுப் பேசாமல் அனுப்புவதா? இரண்டு எட்டு முன்னால் வைத்துக் கோபுரத்துக்கும் மகளுக்கும் நடுவே போய் நின்றார். பதாகையில் இருந்தபடியே விரலை நீட்டினார்.

“ஏட்டி! இந்த ஊரு பூரா ஒன்னயத்தான் பாக்கு. பாதியில எறங்குன, சுயம்பு மவள்னு சொல்லிட்டு என் வாசப்படி மிதிக்கக் கூடாது, ஆமா!”

“அண்ணாச்சி, தள்ளுங்க, மறைக்கீங்க” என்றார் மருத்துவர்.

“ஒரு நிமிசம்மா, முடிச்சிருதேன்.”

மேடையில் அந்த ஒரு நிமிடத்தின் நீளம் ஊருக்குத் தெரியும். சாதனைக் கழகத்தின் செயலாளர் தவசி, காற்று கூடுவதற்குள் ஆகட்டும் என்று கையை வீசி விரட்டினார். மருத்துவர் பெருமூச்சு விட்டுப் பொத்தானை அழுத்தினார்.

அல்லி கண்ணைச் சிமிட்டினாள். தோளிலிருந்து புத்தகப் பையை இறக்கி வைத்தவள் போல ஒரு முறை நிமிர்ந்தாள். தந்தையை நன்றாக, நேராக, ஏதோ புதிதாய் ஓர் ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு போய் முதல் படியில் கொக்கியை மாட்டினாள்.

சுயம்பு காத்திருந்தார். வயிறு கலங்கும், தலை சுற்றும் என்று சொன்னார்களே? அண்ணாந்து பார்த்தார். கோபுரம் உயரமாய் இருந்தது; அவ்வளவுதான். மகள் படிமேல் படியாய்ப் போகிறாள், கொக்கி படிக்குப் படி ‘க்ளிக்’ என்று விழும் ஓசை ஒலிபெருக்கியில் கேட்கிறது, நெஞ்சோ குளத்து நீர் போலக் கிடக்கிறது. தாங்க முடியாத பெருமை பொங்கியது அவருக்கு. பயமே இல்லாத பிள்ளையையா பெற்றிருக்கிறேன்! இதை ஊருக்குச் சொல்லாமல் இருப்பதா? ஒலிவாங்கியை எடுத்தார்.

“பெரியோர்களே! தாய்மார்களே! என் மகள்...”

எட்டுத் திசை ஒலிபெருக்கிகளிலிருந்தும் ஒரு குரல் அவர்மேல் பாய்ந்தது. எதையோ மறந்துவிட்டோம், எதையோ தப்பாய்ச் செய்துவிட்டோம், இதோ கேட்கப் போகிறார், என்ன பதில் சொல்வது என்று உடம்பு முழுதும் ஒரு பதற்றம் ஓடியது. யார் கேட்கப் போகிறார்? அதுதான் தெரியவில்லை. ஒலிவாங்கியை மேசைமேல் போட்டுவிட்டு, அந்த மனிதர் மேசைக்கு அடியில் போனார்.

கூட்டம் ஆரவாரித்தது. “பாருங்கவே, பிள்ள பயம் எறங்கிட்டு! தாங்குதாரு அண்ணாச்சி!” பத்துப் பேர் கைதட்டினார்கள்.

மேசைத் துணியை விலக்கிக்கொண்டு சுயம்பு வெளியே எட்டிப் பார்த்தார். எதிரே இரண்டு ஆள் உயரத்துக்கு, விரலை நீட்டிக்கொண்டு, தன் முகமே தன்னை உறுத்துப் பார்த்தது. அலறிக்கொண்டு மறுபடி உள்ளே போனார்.

“டாக்டரம்மா... அத... அந்தப் பிளக்ஸத் திருப்பி வைக்கச் சொல்லுங்க.”

மருத்துவர் பிரிசில்லா குனிந்து அவரைப் பார்த்தார். பதாகையைப் பார்த்தார். வாய்க்குள் எதையோ மென்று விழுங்கினார். சிரிப்பாய் இருக்கலாம், அதைவிடக் கனமான ஒன்றாயும் இருக்கலாம்.

“அண்ணாச்சி, மேல பாத்தா எப்பிடி இருக்கு?”

“ஒண்ணும் இல்ல.”

“ஒங்க படத்தப் பாத்தா?”

சுயம்பு மேசைத் துணியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

“நான் தள்ளுங்கன்னு சொன்னேன். நீங்க நின்னிய. பிள்ள மனசுல மேல மிதந்த பயம் கோபுரம் இல்ல, அண்ணாச்சி. உசரப் பயம் அப்பிடியே அவகிட்டத்தான் இருக்கு. ஒங்ககிட்ட வந்துருக்கது வேற.”

அப்போது கொக்கியின் ஓசை நின்றது. அல்லி பாதி உயரத்துத் திட்டில் நின்றிருந்தாள். கணவாய்க் காற்று கூடிக்கொண்டிருந்தது. அவள் பின்னல் பக்கவாட்டில் நேராய்ப் பறந்தது. ஊர் முழுதும் அவள் குரல், சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சொல்வதுபோலச் சாதாரணமாய்க் கேட்டது:

“எப்பா, காத்து தள்ளுது. எனக்குப் பயமா இருக்கு. நான் எறங்குதேன்.”

அந்த ஊரில் எந்தப் பிள்ளையும் ஒலிபெருக்கியில் அப்படி ஒரு வாக்கியம் சொன்னதில்லை.

தவசி ஓடி வந்து மேசைக்கு அடியில் தலையை நீட்டினார். “அண்ணாச்சி, மெசினு பழுது. பட்டையக் கழட்டி எறிங்க! வெள்ளாங்கரைப் பயலுக்கும் இதே கதைதான். அவன் அப்பா ரெண்டே நிமிசத்துல கழட்டிட்டாரு, பய விறுவிறுன்னு மேல போயிட்டான்லா!”

மருத்துவர் தரையில் உட்கார்ந்தே விட்டார். “ஆமா அண்ணாச்சி, போனான். எப்பிடிப் போனான்னு கேளுங்க. பட்டையக் கழட்டுனா ஏறுன பயம் நொடியில பிள்ளைக்குத் திரும்பிரும். ஒங்க பிள்ள இப்ப எறங்குதேன்னு சொல்லுதாளே, அந்த வாய் அடைச்சிரும். காத்துக்கும் பயந்துகிட்டு, ஒங்களுக்கு அதவிடப் பயந்துகிட்டு, மேல ஏறுவா. நான் ஊரு ஊராப் போறேன். பொத்தான அமுக்குத நேரத்துல பாதி அப்பாமாரு நீங்க நின்ன எடத்துலதான் நிக்காவ. எல்லாரும் மெசினு பழுதுன்னு கழட்டிட்டுத்தான் போறாவ.”

உலகத்தின் உச்சிகளில் எல்லாம் இப்படிப் பயந்த பிள்ளைகள் நட்ட கொடிகளை அந்தக் கணத்தில் சுயம்பு நினைத்துப் பார்த்தாரா என்று சொல்ல முடியாது. மனிதருக்கு நினைக்கவே நேரம் இல்லை. நெஞ்சுக்குள் அந்தப் பதற்றம் பிறாண்டியது. அவர் மகள் ஒவ்வொரு நாளும் பள்ளிவிட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது சுமந்தது இதுதானா? இதை வைத்துக்கொண்டா அவள் சாப்பிட்டாள், சிரித்தாள், வீட்டுப்பாடம் எழுதினாள்? பெரிய ஆம்பிளை, மூன்று நிமிடம் சுமக்க முடியவில்லையே!

கை தானாகப் பட்டையை நோக்கிப் போயிற்று. கழற்றினால் விடுதலை. கழற்றினால் உச்சி, உலகச் சாதனை, சிவப்பு நாற்காலி. மேலே காற்று ஊளையிட்டது.

“கழட்டுங்க அண்ணாச்சி!” என்றார் தவசி.

சுயம்பு இரண்டு கைகளாலும் பட்டையைப் பற்றினார். பற்றி, நெற்றியோடு அழுத்திக்கொண்டார்.

“வடிவு” என்று கூப்பிட்டார். வடிவு ஏற்கெனவே பக்கத்தில்தான் குந்தியிருந்தாள். “நான் கழட்டப் போனா, என் கையப் பிடிச்சுக்க.”

வடிவு பிடித்துக்கொண்டாள்; நன்றாகவே பிடித்தாள். அதில் கொஞ்சம் பழைய கணக்கும் தீர்ந்தது என்று பின்னால் அவர் மணிக்கட்டைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இனிப் பேச வேண்டும். ஊரையே உலுக்கிய நாவு, தன் மகளுக்கு ஒரு சொல் சொல்ல வேண்டும். ஒலிவாங்கியை வாய்க்குக் கொண்டுபோனார். “ஏட்...” என்று தொடங்கியதும் அந்தக் குரல் எட்டுத் திசையிலிருந்தும் வந்து அவரையே அறைந்தது; சுருண்டுகொண்டார். மறுபடி முயன்றார். சத்தம் கொஞ்சம் ஏறினாலும் உயிர் போயிற்று. குறைத்தார். இன்னும் குறைத்தார். எந்தக் குரலில் பேசினால் தனக்கே நடுக்கம் வரவில்லையோ, அதைத் தேடித் தேடி, கடைசியில் வாழ்நாளில் ஒரு மேடையிலும் பயன்படுத்தாத ஒரு குரலைக் கண்டுபிடித்தார். அது தொண்டைக்குள் தூசி படிந்து கிடந்தது.

“தாயி.”

“என்னப்பா?”

“எறங்கி வா. மெள்ள வா. கொக்கிய மாட்டிட்டு மாட்டிட்டு வா.”

“ஏசுவீயளா?”

“எனக்கு ஏச வராது, தாயி” என்றார் சுயம்பு. அவர் வாழ்வில் ஒலிபெருக்கியில் சொன்ன வாக்கியங்களிலேயே கலப்படமற்றது அதுதான்.

‘க்ளிக்’ என்று கொக்கி விழுந்தது. கீழ்ப்படி. மறுபடி ‘க்ளிக்.’ சாதனைக்கு வந்த கூட்டம் சலித்துக்கொண்டது. ஆனாலும் ஒருவரும் திடலை விட்டுப் போகவில்லை. ஏறுவதைப் பார்த்தபோது அரட்டை அடித்தவர்கள், இறங்குவதை வாய்மூடிப் பார்த்தார்கள். அல்லியின் கால் தரையில் பட்டதும் வடிவு ஓடினாள். சுயம்பு மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். பதாகையைத் திருப்பி வைத்துவிட்டார்களா என்று முதலில் சரிபார்த்துக்கொண்டுதான் வந்தார்.

தவசி மட்டும் ஆறவில்லை. “போச்சு! வெள்ளாங்கரைக்காரன் என்ன சொல்லுவான்? நம்ம ஊரு மானம்...”

“சத்தமாப் பேசாத தவசி” என்றார் சுயம்பு, காதைப் பொத்திக்கொண்டு.

வெயில் சாயத் தொடங்கியபோது மருத்துவர் தன் பெட்டியை அடுக்கினார். “அண்ணாச்சி, இப்பக் கழட்டிரலாமா? பொழுது சாயுததுக்குள்ள கழட்டுனா, பயம் பிள்ளைகிட்டத் திரும்பிப் போயிரும், நீங்க பழைய ஆளு. சாய்ஞ்ச பொறவு கழட்டுனா, அது ஒங்ககிட்டயே வேரு புடிச்சிரும். பொறவு என்னால எடுக்க முடியாது.”

“எவ்வளவு நாளைக்கி?”

“ஒங்க கொரல் இருக்குத வரைக்கும். யோசிச்சுச் சொல்லுங்க, ஒங்க பொழப்பே கொரலுதான். இனிமே ஒரு கலியாண வீட்டுல ‘மைக் டெஸ்டிங்’ன்னு சொல்ல முடியாது. கண்ணாடி பாத்துச் சவரம் பண்ணக்கூட மொதல்ல கஷ்டமாத்தான் இருக்கும்.”

சுயம்பு திடலைப் பார்த்தார். அத்தனை ஒலிபெருக்கிகளும் வாயைத் திறந்துகொண்டு அவரையே பார்த்தன. ஒவ்வொன்றையும் அவர் எந்த ஊரில், எந்தக் கொடையில் முதன்முதலாய்க் கட்டினார் என்பது அவருக்கு நினைவிருந்தது. அந்தப் பக்கம் அல்லி தாயின் மடியில் சாய்ந்து, காராச்சேவு தின்றுகொண்டே காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் காலை ஆட்டி அவர் பார்த்ததே இல்லை. அவர் முன்னால் அவள் எப்போதும் காலைச் சேர்த்து வைத்துத்தான் உட்காருவாள். நல்ல பழக்கம் என்று அதை மேடையிலேயே சொல்லியிருக்கிறார்.

“பொழுது சாயட்டும், டாக்டரம்மா” என்றார்.

மருத்துவர் பெட்டியை மூடிவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்து காத்திருந்தார். மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கியது. பட்டையை அவிழ்த்தார்கள்; சுயம்பு அப்போதும் பதாகையைச் சுற்றிக்கொண்டுதான் போனார்.

வீட்டுக்கு நடக்கும்போது, குடும்பத்தில் யார் முதலில் பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. இதுவரை அந்தக் கேள்வி எழுந்ததே இல்லை. கடைசியில் சுயம்புவே, அந்தப் புதுக் குரலில், பள்ளிக்கூடத்துக்கு முதல்நாள் வந்த பிள்ளைபோலக் கேட்டார்:

“தாயி, மேல எப்பிடி இருந்துச்சு?”

அல்லி நின்று யோசித்தாள். நெடுநேரம் யோசித்தாள். அவசரப்படுத்தச் சொல்லி எதுவும் அவளுக்குள் இல்லை. அவசரப்படுத்தும் துணிவு அவருக்கும் இல்லை.

“பாதி பயமா இருந்துச்சு. பாதி நல்லாருந்துச்சு. தூரத்துல கடலு தெரிஞ்சிது” என்றாள். பிறகு, “நான் பெருசானப்புறம் ஒருநா ஏறுவேன்” என்றாள்.

சுயம்புவின் வாய் பழக்க தோஷத்தில் திறந்தது. உலகத்திலேயே மூத்த வயதில், உலகத்திலேயே முதன்முறையாய் என்று ஏதாவது ஒரு பட்டம் அதற்குள் உருண்டு வந்திருக்கும்.

“ஆனா அப்ப யாரையும் கூப்பிடக் கூடாது” என்றாள் அல்லி. “நீங்க மட்டும் கீழ நிக்கணும். பேசாம நிக்கணும். நிப்பீயளா?”

சுயம்பு வாயை மூடிக்கொண்டு தலையாட்டினார். அவள் நம்பாமல் இன்னொரு முறை பார்த்தாள். அவர் இன்னொரு முறை தலையாட்டினார்.